ஒத்தத்தட்டு ஓட்டப் பழகிய இடம்

ஒத்தத்தட்டு என்ற பேரை அவள் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில். வீட்டை ஒட்டிய காலி மனையில் அவள் புருஷன் லாரியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். வண்டிக்குப் பின்னால் ஒல்லியாக ஒருத்தன் அதன் தகரத்தை இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே நடந்தான். கடைசியில் ஒரே ஒரு தட்டு. வண்டி அப்படியே நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு தலையணையைச் செருகலாம், அவ்வளவுதான் இடம்.

புருஷன் இறங்கி வந்து, "இவன்தான் என் தம்பி. பேர் வச்சதெல்லாம் வீண், எல்லாரும் ஒத்தத்தட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. இவன் ஒரு தட்டு தட்டினா ரயிலே நிக்கும்" என்றான். தம்பிக்காரன் கூச்சத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றான். வந்து ஒரு நாள் ஆனவளை வாங்க என்று கூப்பிட்ட கூத்தை நினைத்து அவள் பிற்பாடு பலதடவை சிரித்திருக்கிறாள். சிரிக்க முடிந்த காலம் அது.

லாரித் தொழிலில் ஓட்டுகிறவனுக்கு முதுகில் கண் கிடையாது. கூட வரும் கிளீனரின் கைதான் கண். இரண்டு தட்டு தட்டினால் வா, வா என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் நில். அண்ணனும் தம்பியும் பேச்சே இல்லாமல் இந்தத் தட்டிலேயே பாதி உலகம் சுற்றியவர்கள்.

அந்தக் கைதான் ஒருநாள் பொய் சொல்லிவிட்டது என்று ஆகிப்போனது. சிமெண்ட் கிடங்கு ஒன்றில் மூட்டை ஏற்ற வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். அங்கே தார்ப்பாய் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். தம்பி ஒரு பக்கம் நிற்க, அவர் வண்டியின் மறுபக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். தம்பி அவரைப் பார்த்ததும் ஒரு தட்டு தட்டினான். வண்டி நிற்கவில்லை. வந்தது. கிடங்குச் சுவர் வரைக்கும் வந்தது.

பெரியவரின் சாவுக்கு விசாரணை நடந்தது, விபத்து என்று எழுதி முடித்தார்கள். வீட்டில் மட்டும் முடியவில்லை. "ரெண்டு தட்டு கேட்டுச்சு, அதான் வந்தேன்" என்றான் அண்ணன். "ஒண்ணுதான் தட்டினேன்" என்றான் தம்பி. இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருத்தன் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொருத்தன் பொய் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுக்குச் சோறு போடுகிறவள் எந்தப் பக்கம் சாய்வாள்? முதலில் ஒருத்தனுக்கு ஒரு தட்டை வைத்து, அவன் எழுந்து போன பிறகு மற்றவனுக்கு இன்னொரு தட்டை வைத்தாள்.

புருஷன் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். சம்பளத்துக்கு டிரைவர் வைத்துப் பார்த்தாள். ஒருத்தனும் நிலைக்கவில்லை. வண்டியில் ஏதோ இருக்கிறது, பின்னுக்கு எடுக்கும்போது யாரோ தட்டுகிறார்கள் என்று சாவியை வைத்துவிட்டுப் போனான் ஒருத்தன். அடுத்தவன் காரணமே சொல்லவில்லை, சாவியையும் நேரில் தரவில்லை, வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அவளுக்கும் அது கேட்கும். மனையில் நிற்கும் லாரியின் தகரம் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து, பொழுது சாயும்போது குளிர்ந்து சுருங்குமாம். டொக் என்று ஒரு சத்தம் வரும். தகரம்தான், தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் வந்தால் வீட்டில் அசைகிற எல்லாம் நின்றுபோகும். புருஷன் கையில் சோற்று உருண்டை வாய்க்குப் பாதிவழியில் நிற்கும். பின்கட்டில் துணி துவைக்கிற தம்பியின் கை நிற்கும். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது சத்தம் வருமா என்று காத்திருப்பார்கள். வராது. அப்புறம் மூச்சு வரும்.

இனி வேறு வழியில்லை என்று ஆனபோது, தம்பியே கனரக லைசென்ஸ் எடுக்கட்டும் என்று முடிவு செய்தாள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. முகம் மட்டும் செத்துப்போயிற்று. அவளுக்கும் பயம்தான். ஓட்டுகிறவன் இல்லாவிட்டால் அந்த வண்டியும் போய்விடும், வீடும் போய்விடும். ஆனால் அரைகுறையாகக் கற்றுக்கொண்டவன் கையில் கொடுத்தால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி தட்டு வைக்க ஆளில்லாமல் உட்காருவாள். அதனால் லாரி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியை நான்தான் பார்ப்பேன் என்று கிளம்பிவிட்டாள்.

முதல் இடம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. முதலாளி இருவரையும் அன்பாக உட்காரவைத்து, போட்டோ கொடுத்தால் போதும், வண்டிப் பக்கமே வரவேண்டாம், லைசென்ஸ் வீடு தேடி வரும் என்றார்.

"அடுப்பே பத்த வைக்காம சோறு போடுவீங்க போல" என்றாள் அவள்.

"எல்லாரும் இங்கதாம்மா வர்றாங்க."

"அதான் ரோட்டுல நடக்கவே பயமா இருக்கு" என்று எழுந்துவிட்டாள்.

இரண்டாவது இடம் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டது. உள்ளே லாரியின் முன்பாகம் மாதிரி ஒரு இயந்திரம், எதிரே பெரிய திரை. அதில் ஏறி உட்கார்ந்தால் நிஜ லாரி போலவே ஆடுகிறது, உறுமுகிறது. அவளுக்கே பிடித்துப்போயிற்று. தம்பி உட்கார்ந்து பின்னுக்கு எடுத்தான். திரையில் ஒரு பொம்மை மனிதன் குறுக்கே வந்தான். இடித்தது. திரை சிவந்தது. சொல்லிக்கொடுக்கிற பையன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அமுக்கினான். விழுந்தவன் எழுந்து, தூசியைக் கூடத் தட்டாமல் பழைய இடத்தில் போய் நின்றான்.

தம்பி இறங்கி வெளியே போய்விட்டான். அவள் பின்னால் ஓடினாள். நடைபாதையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, நல்லாத்தானே இருந்துச்சு?"

"அங்க செத்தவங்க எழுந்திருச்சுடறாங்க அண்ணி. அது பழகிடும். வேணாம்."

மூன்றாவது இடத்துக்கு வழி சொன்னது டயர் கடைக்காரர். மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு மைதானம். பெயர்ப்பலகை சாய்ந்து கிடந்தது. மணல் மூட்டை ஏற்றிய பழைய லாரி ஒன்று. சொல்லிக்கொடுப்பது ஒரு பெண், தம்பியைவிட வயது குறைந்தவள், அவன் தோளுக்குக் கூட வரமாட்டாள். எல்லாரும் டீச்சர் என்றார்கள். நிழலில் காத்திருந்த குண்டு ஆள் ஒருவரிடம் இங்கே எப்படி என்று அவள் விசாரித்தாள். "இங்க ஸ்டியரிங்கத் தொடறதுக்குள்ள கால் தேஞ்சிரும்மா. வந்த புதுசுல வண்டியச் சுத்திச் சுத்தி நடக்க விடுவாங்க. கோயில்ல கூட நான் இவ்வளவு சுத்தினதில்ல" என்று அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பு அவளுக்குப் பிடித்தது.

டீச்சர் தம்பியின் கையைத்தான் முதலில் பார்த்தாள். "கிளீனரா இருந்தீங்களா? கை சொல்லுது. ஒண்ணு சொல்லிடறேன். என் மைதானத்துல யாரும் வண்டியத் தட்டக்கூடாது."

"ஏன்?" என்று கேட்டது அவள்தான்.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏறி உக்காருங்க. புதுசா வர்ற எல்லாருக்கும் இதுதான் முதல் பாடம். கண்ணாடியப் பாக்காதீங்க. காத மட்டும் வச்சுக்குங்க. ஒரு தட்டு கேட்டா நில், ரெண்டு கேட்டா வா. என்ன கேட்டுச்சுன்னு அங்கிருந்தே சொல்லுங்க."

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். இத்தனை வருஷமாகப் புருஷனைச் சுமந்த மாதிரி ஒரு இருக்கை. எஞ்சின் ஓடியது, காலடி எல்லாம் நடுங்கியது. பின்னால் டொக், டொக் என்று இரண்டு கேட்டது.

"வா" என்று கத்தினாள்.

இறங்கிப் பின்னால் போனாள். வண்டியின் ஒரு பக்கம் டீச்சர் நின்றாள். மறுபக்கம் குண்டு ஆள் நின்றார்.

"நாங்க ஆளுக்கு ஒண்ணுதாம்மா தட்டினோம்" என்றாள் டீச்சர். "ரெண்டு பேருமே நில்லுன்னுதான் சொன்னோம். உள்ள உக்காந்தவருக்கு எந்தப் பக்கம்னு தெரியாது."

தம்பி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். அந்தத் தார்ப்பாய்ப் பெரியவருக்கு ஒரு பழக்கமாம். எந்த வண்டிக்குப் பின்னால் போனாலும், நான் இருக்கேன்ப்பா என்று சொல்கிற மாதிரி ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவாராம்.

பள்ளி எது என்று அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. பேரை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனுக்குத் தட்டு வைத்தபோது சொன்னாள். "நான் இன்னிக்கு லாரில ஏறி உக்காந்தேன்."

அவன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஆளுக்கு ஒரு தட்டு. எனக்கு ரெண்டாக் கேட்டுச்சு. நானும் வான்னுதான் சொன்னேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "அப்ப அவன் ஒண்ணுதான் தட்டினானா?"

"ஒண்ணுதான்."

"நான் கேட்டது?"

"ரெண்டுதான். நீங்களும் பொய் சொல்லல."

வெளியே தகரம் டொக் என்றது. இத்தனை நாள் அது யாருடைய கை என்று தெரியாமல் நடுங்கியவர்கள். இப்போது தெரிந்துவிட்டது, அதனால் பயம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். "அப்ப இன்னொண்ணு அந்தப் பெரியவர் தட்டினது" என்றான் புருஷன். "நில்லுன்னு என்கிட்ட சொல்லியிருக்கார்." கையை உதறிக்கொண்டு எழுந்தான். பின்கட்டு வாசல்வரை போய், தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பேட்டரி எறங்கியிருக்கும். கழட்டி சார்ஜ் போடு."

பேச்சு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் இரண்டு தட்டையும் சேர்த்தே வைத்தாள்.

தம்பி அந்த மைதானத்தில் நிதானமாகப் பழகினான். முன்னால் போவதில் அவனுக்குக் குறையே இல்லை. பின்னுக்கு எடுக்கும்போதுதான் பாதியில் வண்டியை நிறுத்துவான். சத்தம் கேட்டது என்பான். யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். ஏதாவது மந்திரிக்கச் சொன்னார்கள். டீச்சர் மட்டும் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "கேட்டா நிறுத்துங்க. எறங்கிப் போய்ப் பாருங்க. யாரு தட்டினாங்கன்னு ஆராய்ச்சி பண்றது உங்க வேலை இல்ல, நிறுத்தறதுதான் உங்க வேலை" என்றாள்.

பரீட்சை அன்றும் நிறுத்தினான். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்துவிட்டு ஏறினான். அதிகாரி நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை வேறொரு அதிகாரி. அப்போதும் அதேபோல இறங்கினான். அவர் ஏன் என்று கேட்டார். சத்தம் கேட்டது சார் என்றான். எனக்குக் கேட்கவில்லையே என்றார். உங்களுக்குக் கேட்காது சார் என்றான். அவர் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஒத்தத்தட்டு அண்ணனின் அதே லாரியைத் துறைமுகத்துக்கும் சிமெண்ட் கிடங்குகளுக்கும் நடுவே ஓட்டுகிறான். கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை. பின்னுக்கு எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் ஏறுகிறான். இந்நேரம் துறைமுக வாசலில், மற்ற லாரிகளோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பான்.