பதினொன்றாம் எண் சட்டை

கச்சிராயபாளையம் தாண்டி, கரும்பு வயலோரம் பைக்கை நிறுத்துகிறேன். வெட்டு ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எல்லாம் பெண்கள். சேலைக்கு மேல் ஒரே மாதிரி நீலச் சட்டை, முதுகில் பெரிய வெள்ளை எண். நாட்டின் பெயரில் வெளிநாடுகளில் சூப்பர்பைக் ஓட்டிய எங்கள் அணியின் சட்டை அது. ஜெயித்ததைவிட விழுந்ததுதான் அதிகம். விளம்பரம் கொடுத்தவர்கள் விலகியதும் அணி கலைந்தது.

ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை ஏது என்று கேட்கிறேன்.

“வெள்ளம் வந்தப்போ மூட்டையா குடுத்தாங்க. முழுக்கை பாருங்க, கரும்பு சோகை கையக் கிழிக்காது.”

“பைக் ரேஸ் டீம் சட்டைங்க இது.”

“அவுங்கல்லாம் இப்ப இன்னா பண்றாங்க?”

“டீமைக் கலைச்சிட்டாங்க.”

“கூலி கட்டுப்படியாகலியா?”

ஆமாம் என்கிறேன். அதுவும் பொய்யில்லை.

அவர் முதுகில் பதினொன்று. நான் ஓட்டிய எண். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“மேஸ்திரிக்கு எங்க பேருல்லாம் ஞாபகம் இருக்காது. நம்பரச் சொல்லித்தான் கூப்புடுவாரு,” என்று சிரிக்கிறார்.

டிராக்டர் உறுமுகிறது. மேஸ்திரி அங்கிருந்தே குரல் கொடுக்கிறார்: “பதினொண்ணு, வா வா, லோடு நிக்குது.”

அவர் டீ கிளாசைக் கீழே வைப்பதற்குள் நான் எழுந்துவிடுகிறேன்.