எண்பத்து நான்கு கட்டங்களும் ஒரு கோழியும்

பள்ளி திறக்க நான்கு நாட்கள் இருக்கும்போதே எங்கள் வீட்டில் என் சட்டைகளுக்கு இடம் இல்லாமல் போய்விடும். கூடத்தின் குறுக்கே கட்டிய துணிக்கொடி முழுக்க என் மனைவியின் பருவத் திட்டம் தொங்கும். பன்னிரண்டு வாரம், ஏழு பாடம், ஆக எண்பத்து நான்கு காகிதக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். அவள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தெருவே டீச்சர் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

"டீச்சர், என் நீலச் சட்டை எங்க?"

"ஏழாவது வாரம் அறிவியலுக்குப் பின்னால பாருங்க."

பதினான்கு வருடமாக இதே கூத்துதான். ஒரே ஒரு பொருளை எடுத்து, அதை எல்லாப் பாடத்துக்குள்ளும் நுழைத்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒரு பருவம் செருப்பு. அளந்தார்கள், வரைந்தார்கள், செருப்புக்குக் கடிதம் எழுதினார்கள், அது நடந்து போகும் ஊர்களுக்கு வரைபடம் போட்டார்கள். அந்தப் பருவத்தில் பள்ளிக்குப் போன என் இடது செருப்பு இன்று வரை வீடு திரும்பவில்லை.

இந்த முறை கோழி. பள்ளிக் காவலாளியின் கோழி ஒன்று, பள்ளி திறக்கும் திங்கள் முதல் ஒன்பது முட்டைகளோடு வகுப்பின் மூலையில் கூடைக்குள் அடைகாக்கும். இருபத்தோரு நாளில் குஞ்சு. கணக்கில் நாள் எண்ணுவது, அறிவியலில் ஓடு, மொழிப்பாடத்தில் குஞ்சுக்கு வரவேற்புக் கடிதம். ஐந்தாம் வார அறிவியல் கட்டத்தில், திங்கட்கிழமைக்கு நேரே சிவப்பு மையில் 'பிறப்பு' என்று எழுதிவிட்டு, கால் தரையில் படாமல் வீடு முழுக்கச் சுற்றினாள்.

அந்தத் திங்கட்கிழமையில்தான் அவள் உயிரே இருந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியை, இனி பாடத்துக்கு ஒரு ஆசிரியர், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும் என்று முடிவு செய்திருந்தார். "என் பிள்ளைங்கள ஏழு பேருக்குப் பிச்சுக் குடுக்கணுமாம்" என்று டீச்சர் அழுத அழுகையில் எனக்கே சோறு இறங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினாள். ஐந்தாம் வாரத் திங்களன்று தலைமையாசிரியை வகுப்புக்கு வருவார். திட்டம் சரியாக நடந்திருந்தால் மூன்றாம் வகுப்பு அவளுக்கே, இல்லாவிட்டால் ஏழு துண்டு.

இந்த லட்சணத்தில் அந்த நாற்பது நிமிட மணியை மாட்டும் வேலை யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எலெக்ட்ரீஷியனான எனக்குத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சும்மா இருக்காமல் வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாள் கொடியில் எண்பத்தைந்தாவது கட்டம் தொங்கியது. 'மணி மாட்டுகிறவரோடு பேச்சு இல்லை.'

நான்காம் வாரத் திங்கட்கிழமை. மூன்றாம் வகுப்பு ஜன்னலை ஒட்டிய சுவரில், ஏணி மேல் நின்று நான் மணிக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கழித்தல் தேர்வு. இந்த வகுப்பில் சத்தம் அதிகம் என்று யாரோ கோள்மூட்டியதால் தலைமையாசிரியை தாமே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையின் ஓரத்தில், கோழி அடைகாத்த நாளைத் தினம் ஒரு பிள்ளை அழித்து எழுதும் எண்: பதினாறு. இன்னும் ஐந்து நாள்.

முன்வரிசை ரெட்டைச் சடைப் பெண் எழுந்தாள். "டீச்சர், கோழி கீச்சு கீச்சுனு கத்துது."

"கோழி அப்படிக் கத்தாதும்மா. நீ கணக்கப் போடு."

மறுபடியும் கீச். ஒரு முட்டை உடைந்து குஞ்சு தலை நீட்டியது. அவ்வளவுதான், இருபத்தெட்டுப் பென்சில்கள் தரையில் உருண்டன.

"எல்லாரும் உட்காருங்க!" என்று தலைமையாசிரியை முதலில் கத்தினார். அடுத்த நிமிடம், "கொஞ்சம் தள்ளுங்கப்பா, எனக்குத் தெரியல" என்றார். எனக்கு ஏணி ஆடியது.

டீச்சர் மட்டும் கரும்பலகையின் பதினாறைப் பார்த்தபடி வெளிறிப்போய் நின்றாள்.

"அடுத்த வாரம்னு தானே எழுதியிருக்கீங்க? கோழி உங்க திட்டத்தப் படிக்கலையா?" என்றார் தலைமையாசிரியை.

"சனி, ஞாயிறு... எண்ணாம விட்டுட்டேன் மேடம்."

பதினான்கு வருடமாக வாரத்துக்கு ஐந்து நாள் என்றே எண்ணியவள். அவள் உலகத்தில் சனிக்கிழமை என்று ஒன்று கிடையவே கிடையாது.

"கோழிக்கு லீவே இல்லையா டீச்சர்?" என்று ஒரு குரல் பரிதாபமாகக் கேட்டது.

"கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்..." என்று தலைமையாசிரியை தொடங்கினார். டீச்சர் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் பழமொழி வைகுண்டம் வரை போகவில்லை, அதற்குள் இன்னொரு முட்டை பொரிந்துவிட்டது.

ரெட்டைச் சடை நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டது. மூன்று சனி, மூன்று ஞாயிறு, ஆறு. பதினாறும் ஆறும் இருபத்திரண்டு. "ஒண்ணு கூடுதே?" "முட்டை வச்ச நாளக் கழிக்கணும்டீ!" இருபத்தெட்டு வாய்களும் ஒரே நேரத்தில் கழித்தன. ஒருத்தி கடிதத்தில் 'சீக்கிரம் வா' என்பதை அடித்துவிட்டு 'ஏன் இவ்வளவு சீக்கிரம்?' என்று எழுதினாள். ஒருவன் ஈரக் குஞ்சை வரைந்தான். தலைமையாசிரியை சப்பணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு குஞ்சோடு, "ஒன்பதுல நாலு போனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் வயரைச் சேர்த்து முடித்தேன். சேர்த்தால் சோதித்துப் பார்க்க வேண்டும், அது எங்கள் தொழில். பொத்தானை அழுத்தினேன். பள்ளிக்கூடமே அதிர்ந்தது. மற்ற வகுப்புகளில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

மூன்றாம் வகுப்புக்குள்ளிருந்து ஒரு கோபக் குரல் வந்தது. "யாரது, இந்த நேரத்துல மணியடிக்கிறது?"

தலைமையாசிரியையின் குரல்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "நீங்கதானே மேடம் மாட்டச் சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த குஞ்சைப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக நின்ற என் மனைவியைப் பார்த்தார்.

"இந்த வகுப்புக்குக் கேக்காத மாதிரி மாட்ட முடியுமா?"

"அதெப்படி மேடம், மணின்னா..."

"அப்போ கழட்டிடுங்க" என்றார். "இவங்க முடிச்சுட்டுத் தானா வெளிய வரட்டும்."

அன்று மாலை டீச்சர் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தாள். முதல் வேலையாக எண்பத்தைந்தாவது கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று வாரப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்தாள். பிறகு புது நூல்கண்டு ஒன்றை எடுத்துப் படுக்கையறையிலும் ஒரு கொடி கட்டினாள். இனி வாரத்துக்கு ஏழு நாளாம்.

"டீச்சர், என் கால்சட்டை எங்க?"

"ஞாயித்துக்கிழமைக்குக் கீழ பாருங்க."