இடுப்பளவு கேட்கும் தையல்கார அக்கா

எங்கள் தெருத் தையல்கார அக்கா லேசில் யாரையும் நம்ப மாட்டாள். மனுஷன் குரலையே திருடுகிற காலமாயிற்றே! தெரியாத எண்ணிலிருந்து தெரிந்த குரல் பேசினால், முதலில் உடம்பு அளவைக் கேட்பாள். வாடிக்கையாளர், சொந்தக்காரர் எல்லோருடைய அளவும் அவளுக்கு மனப்பாடம்.

நேற்று நான் சட்டை வாங்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

“அண்ணன் பேசுறேன்மா. போன் தொலைஞ்சுபோச்சு, புது சிம் வாங்கணும். உன் வீட்ல இருக்கற என் அடையாள அட்டையைப் படம் எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு.”

“அது இருக்கட்டும். இடுப்பளவு சொல்லு.”

“என்ன விளையாட்டு இது? முப்பத்திரண்டு.”

அந்த அண்ணனை நான் பார்த்திருக்கிறேன். நாற்பதுக்கு ஓர் அங்குலம் குறையாது. போனை வைக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அண்ணனேதான்! திருடனா இருந்தா கொஞ்சம் நம்புற மாதிரி பொய் சொல்லியிருப்பான்.”

“அப்ப அனுப்புறியா?”

“அதெப்படி? அட்டையை நேர்ல வந்து வாங்கிக்கோ. வரும்போது அந்த முப்பத்திரண்டையும் கூட்டிட்டு வா, டேப்போட காத்திருக்கேன்.”