கூடாரத்தில் ஒரு சிஞோரா

நல்ல கட்டிலும் மெத்தையும் உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நிலத்தில் படுக்கப் போவதை இந்த இத்தாலியில்தான் பார்த்தேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். ஆகஸ்ட் விடுமுறை வந்தால், சிசிலித் தீவில் நாங்கள் இருக்கும் பலெர்மோ நகரம் வெறிச்சோடிவிடும். துப்புரவு வேலை செய்யும் வீட்டில் நான் 'சிஞோரா' என்று மரியாதையாகக் கூப்பிடும் அம்மாவும் கூடாரம், மடிப்புக் கதிரை, நுளம்பு மருந்து எல்லாவற்றையும் காரில் அடைத்துக்கொண்டு கிளம்புவார். சாமான் கட்டிக் கொடுப்பது நான். கட்டும்போதெல்லாம் சிரிப்பும் வரும், சலிப்பும் வரும். போரில் இடம்பெயர்ந்து வன்னியில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவள் நான். அதை ஒருவர் ஆசைப்பட்டுச் செய்வாரா?

எங்களுக்கு ஆகஸ்ட் கிடையாது. என் கணவருக்கு மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் குசினி வேலை. ஊரே கடலில் குளிக்க வரும் மாதத்தில் யார் லீவு தருவார்கள்? ஆனால் மகள் ஆரணி இந்த முறை விடவில்லை. பள்ளி திறந்ததும் கோடையில் எங்கே போனீர்கள் என்று எல்லோரையும் கேட்பார்களாம். போகாத ஊர்களைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துவிட்டது.

"இனிப் பொய் சொல்ல ஏலாது, மம்மா. நீங்கள் ரெண்டு பேரும் சும்மா இருக்கிறதை ஒருக்கா நான் பாக்கோணும்," என்றாள்.

ஊரிலுள்ள தங்கைக்குப் போனில் சொன்னேன், கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்று. "ஏன் அக்கா, வீட்டை விட்டு எழுப்பிப்போட்டாங்களோ?" என்று பதறினாள்.

செப்டெம்பர் தொடக்கத்தில், நெப்ரோடி மலை கடலுக்கு இறங்கும் ஓரிடத்துக்குப் போனோம். பலெர்மோக்காரரே அதிகம் எட்டிப் பார்க்காத கரை. முன்னால் கூழாங்கல்லும் கடலும், பின்னால் காடு. கூடாரமடிக்கும் வளவில் மற்றவர்கள் பாணும் சீஸும் தின்றார்கள். நாங்கள் ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், கருவாடு என்று அரைக் குசினியைத் தூக்கிப் போயிருந்தோம். இவர் கடலைத் திரும்பியும் பாராமல் படுத்துத் தூங்கினார். எனக்கோ, இரவெல்லாம் காற்றில் கூடாரத் துணி படபடக்கும்போதெல்லாம் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாளா என்று தடவிப் பார்ப்பதே வேலையாக இருந்தது.

விடிந்ததும் பொதுக் குளியலறைக்குப் போனேன். தரையெல்லாம் மணல், வடிகாலில் முடி. முகத்தைக் கழுவிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். கை கேட்கவில்லை. மூலையில் நின்ற தும்புத்தடியை எடுத்தேன், பிறகு வாளியை, பிறகு புளீச் போத்தலை. வந்ததிலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உடம்பு ஒரு நிலைக்கு வந்தது.

துவாயைத் தோளில் போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்து, டாய்லெட் பேப்பர் முடிந்துவிட்டது என்று இத்தாலியனில் சொன்னாள். அதட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"சூபித்தோ," என்றேன். இதோ, உடனே. இந்த நாட்டில் நான் முதலில் கற்ற சொல் அது. அலமாரியில் தேடிப் பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் பல்துலக்கியோடு ஆரணி நின்றாள்.

"இவ என்ர அம்மா," என்று சிசிலிய இழுவையோடு அந்தப் பெண்ணிடம் இத்தாலியனில் சொன்னாள். "இஞ்சை வேலை செய்யிறவ இல்லை. உங்களைப்போல லீவுக்கு வந்தவ."

அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

கூடாரத்துக்குள் வந்த பிறகுதான் பிள்ளை அழுதாள். "ஏன் மம்மா? பஸ்தா, போதும்! இஞ்சையுமோ?"

"ஊத்தையாக் கிடந்தது, பிள்ளை," என்றேன். வெட்கமாக இருந்தது. அவள் என்னை மறைக்காமல் சொன்னது பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை என்னைக் கபே விறாந்தையில் ஒரு கதிரையில் இருத்தி, தேநீரும் வாங்கி வைத்தாள். "அசையக் கூடாது, சரியோ?"

"ஓம்," என்றேன்.

சற்று நேரத்தில் அந்த வளவின் துப்புரவுப் பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும், எந்த நாட்டவளோ. தரையைத் துடைத்துக்கொண்டே என் கதிரையடிக்கு வந்தாள். அவள் கேட்கவுமில்லை, நான் யோசிக்கவுமில்லை. நான் துடைக்கும்போது என் சிஞோரா தூக்குவதுபோலவே இரண்டு கால்களையும் தூக்கினேன். "கிராத்சியே, சிஞோரா," என்று நன்றி சொல்லிவிட்டு அவள் அடுத்த மேசைக்குப் போனாள். எதிரே ஆரணி சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே தரை ஈரமாக மினுங்கியது. துடைத்த ஈரத்தில் யாராவது மிதித்தால் துடைத்தவளுக்கு எப்படி எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும். அது காயும் வரை கால்களைத் தூக்கியபடியே இருந்தேன்.