மூன்றாவது ஹோடி

ஜெனரோசா அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

ஏரிக்கரையில் இருந்த எங்கள் சிறையின் பெண்கள் பகுதியில் நான் காவலராகச் சேர்ந்த காலை அது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கதவைத் தடியால் அடி, கத்து, திற, தலைகளை எண்ணு. புதுச் சீருடை கழுத்தில் உறுத்த, தடியும் கையுமாக நான் தயாராக நின்றேன். அக்கா சாவியை எடுத்தார். கதவுக்கு ஓரடி தள்ளி நின்றார். "ஹோடி" என்றார்.

பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்கப் போகிறவள் உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று குரல் கொடுப்பாளே, அதே ஹோடி. உள்ளே இருந்து "கரிபு, கரிபு" என்று ஏழெட்டுப் பெண்கள் அவரை வரச்சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பூட்டில் சாவி நுழைந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, அவங்க வராதேன்னு சொன்னா திரும்பிப் போயிடுவீங்களா?"

"யாரும் அப்படிச் சொன்னதில்லையே."

"சொன்னா?"

"மேல துணி இல்லாம இருக்காங்கன்னு அர்த்தம். போட்டுக்கிற வரைக்கும் நிப்பேன். உனக்கு அப்படி என்னடி அவசரம், உள்ள விருந்தா வைக்கிறாங்க?"

நெடுநெடுவென்று உயரம், முன்பல் ஒன்று இல்லை, வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. காவலர் குடியிருப்பில் அவருக்கும் எனக்கும் ஒரே அறை. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஏதாவது பெரிய கதை இருக்கும் என்று நோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "ஹோடி சொல்லாம கோழிக்கூட்டுல கைய விட்டாக்கூட எங்கம்மா அடிப்பா. அடி வாங்கியே பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு, சுட்ட வாழைக்காயை எனக்குப் பாதி பிட்டுக் கொடுத்தார். மற்ற காவலர்கள் அவரை 'விருந்தாளி' என்று கேலி செய்வார்கள். நானும் செய்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் அசிம்வே வந்தாள். பத்தொன்பது வயது. வாழைத்தோப்புக்குள் தனியாகப் பிள்ளை பெற்று, அதை அங்கேயே புதைத்திருக்கிறாள். கொன்றுவிட்டாள் என்று வழக்கு. வந்தபோது மார்பில் கட்டிய பால் கசிந்து சட்டையில் காய்ந்துபோயிருந்தது. பேச்சு இல்லை. பிள்ளையைக் கொன்றவளோடு படுக்கமாட்டோம் என்று மற்ற பெண்கள் முரண்டு பிடித்ததால், கோடியில் இருந்த தனி அறையில் அவளைப் போட்டார்கள்.

அக்கா அந்தக் கதவின் முன்னும் ஹோடி சொன்னார். பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். அக்கா மூன்று முறையும் கூப்பிட்டார். பிறகு கடமைக்காகக் கதவைத் திறந்தார், ஆனால் நிலைப்படியைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே ஒன்று என்று எண்ணிக்கொண்டார். கஞ்சித் தட்டை உள்ளே நகர்த்திவிட்டு, வாசலோரம் தரையில் உட்கார்ந்து சமையலறைக்கான பயற்றில் கல் பொறுக்கினார். ஒன்பது நாள் இதே கதைதான். அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி தட்டில் பாதியைத் தின்பாள். அக்கா கல்லைப் பொறுக்கியபடி யாரிடமும் இல்லாமல் மழையைப் பற்றிப் பேசுவார்.

பத்தாம் நாள் பெரிய அதிகாரி சுற்றிப் பார்க்க வந்தார். அவரை நாங்கள் அஃபாண்டே என்றுதான் அழைப்போம்.

"இன்னும் வாயத் திறக்கலையா? நடிக்கிறா. பாயப் புடுங்கு, தரையில தண்ணிய ஊத்து. மூணு நாள்ல பாட்டே பாடுவா."

"அவங்க கூப்பிடாம நான் உள்ள போனதில்ல, அஃபாண்டே" என்றார் அக்கா.

அஃபாண்டே முதலில் சிரித்தார். அக்கா நகரவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் கடுத்தது. அக்காவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் திணித்தார். அக்காவை விறகு வெட்டும் கைதிகளோடு வெளிவேலைக்குப் போகச்சொன்னார்.

பாயைப் பிடுங்கியது நான்தான். வாளித் தண்ணீரை ஊற்றியதும் நான்தான். உத்தரவு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். உண்மை என்னவென்றால், தண்ணீர் அவள் காலில் பட்டு அவள் உடம்பு ஒடுங்கியபோது, எனக்கு அதிகாரம் கிடைத்த மாதிரி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்றோடு அவள் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தினாள். இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை, உதடு வெடித்து, ஈரத்தரையில் சுருண்டு கிடந்தாள். செத்துவிடுவாளோ என்று பயந்தேன். கணக்கெடுப்புக்கு அஃபாண்டே நேரில் வந்திருந்தார். பெண்கள் எல்லோரும் முற்றத்தில் வரிசையில் நின்றார்கள்.

விறகுக்குப் போயிருக்க வேண்டிய நேரத்தில் ஜெனரோசா அக்கா முற்றத்தைக் கடந்து வந்தார். அவரிடம் சாவி இல்லை, தடியும் இல்லை.

"உனக்கு இங்க என்ன வேலை?"

"ஒருத்தரப் பாக்க வந்தேன், அஃபாண்டே."

தன்னால் திறக்கக்கூட முடியாத அந்தக் கதவின் முன்னால் போய், ஓரடி தள்ளி நின்றார்.

"ஹோடி."

அக்கா அவசரப்படவில்லை. விருந்தாளி எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு மறுபடி சொன்னார்.

"ஹோடி."

வரிசையில் யாரோ விசும்பினார்கள். மூன்றாவது தடவை குரல் கொடுத்தபோது அக்காவின் குரல் லேசாக உடைந்தது. காத்திருந்தார். பிறகு, வழக்கம் தவறாமல், திரும்பி நடக்க ஒரு கால் எடுத்து வைத்தார்.

"கரிபு."

தாள் கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கைதி என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும், ஒருவரை உள்ளே வரச்சொல்லும் உரிமை அவளிடம் மிச்சம் இருந்திருக்கிறது. அதை அவளுக்காகப் பத்திரமாக வைத்திருந்தவர், நாங்கள் கிறுக்கு என்று சிரித்த இந்த மனுஷி.

யாரையும் கேட்காமல் என் கை பூட்டைத் திறந்தது. அவளைத் தூக்கிவிடலாம் என்று நான் முன்னால் போனேன். அக்காவின் கை என் நெஞ்சில் குறுக்கே விழுந்தது.

"உன்னக் கூப்பிடல."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா உள்ளே போனார்.

"யாரக் கேட்டுத் திறந்த?" என்று கத்திக்கொண்டே அஃபாண்டே நிலைப்படி வரை வந்தார். அங்கே அவர் கால் நின்றுவிட்டது. உள்ளே அக்கா சீருடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த தன் காங்காத் துணியை அவிழ்த்து அந்தப் பெண்ணைப் போர்த்திக்கொண்டிருந்தார். முற்றமே அஃபாண்டேயின் பூட்ஸைப் பார்த்தது. அவரும் ஒரு தாயிடம் அடி வாங்கி வளர்ந்தவர்தானே. "பாயக் குடுத்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாளுக்கான விலையை அக்கா கட்டினார். கடைசி வரை அவர் தோளில் ஒரு பட்டைகூட ஏறவில்லை. சேர்ந்தபோது என்ன பதவியோ அதே பதவியில் ஓய்வு பெற்றார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வருத்தப்பட்டுப் பேசியதில்லை. இப்போது கோழி வளர்க்கிறார். கூட்டைத் திறக்கும் முன் கோழிகளுக்கும் ஹோடி சொல்கிறார். "அதுங்க கரிபு சொல்லுதாக்கா?" என்று கேட்டால், "உன்ன மாதிரி மரியாதை தெரியாததுங்க" என்பார்.

அசிம்வே மெல்லப் பேசினாள், முதலில் அக்காவிடம், பிறகு நீதிமன்றத்தில். பிள்ளை மூச்சில்லாமலே பிறந்திருக்கிறது. விடுதலைக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான் தினம் அவள் கதவின் முன் நின்று ஹோடி சொன்னேன். எனக்கு ஒருநாளும் அவள் கரிபு சொல்லவில்லை. கதவைத் திறந்து, வெளியே நின்று எண்ணி, தட்டை நகர்த்திவிட்டு வந்தேன். நியாயம்தான். ஆனாலும் வலித்தது.

அவள் விடுதலையான அன்று அக்கா சிறையின் பெரிய வாசலில் காவலில் இருந்தார். அவரிடம் விடைபெற்றுக்கொண்டு அவள் அப்படியே பேருந்துக்குப் போயிருக்கலாம். குடியிருப்பில் நான் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்துதான் இருந்தது.

"ஹோடி."

குரல் தெரிந்ததும் கையிலிருந்த துணி நழுவியது. எங்கள் வாய் தூக்கத்தில்கூடத் தானாகப் பதில் சொல்லும் வார்த்தை அது. எனக்கு வரவில்லை.

"ஹோடி."

இன்னும் ஒன்றுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் போய்விடுவாள், அவளைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் கிடையாது. மூன்றாவதும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, அழுதுகொண்டு, பாதிக் குரலில் "கரிபு" என்றேன்.

வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.