வெள்ளிமலைக்குப் போக வேண்டிய தகர மாடு

வாளிக்கு முகம் கிடையாது என்பதுதான் தகர வேலையில் இருக்கிற பெரிய நிம்மதி. அதைக் கெடுத்துக்கொண்டவன் நான். 'முடியாது' என்று சொல்ல வாய் வராமல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்களே, இது உங்களுக்காக.

வாய்க்கொழுப்பு

கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு வெள்ளிமலையிலிருந்து சடையன் என்கிற விவசாயி வந்தார். சரிவில் உருண்டு விழுந்த தன் மாடு பிழைத்தால், தகரத்தில் ஒரு மாடு செய்து வைப்பதாகச் சாமியிடம் வேண்டிக்கொண்டாராம். மாடு பிழைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை திருவிழா. வாளி, புனல், டிரங்குப் பெட்டி தவிர வேறெதுவும் செய்தறியாத நான், "மாடுதானே, ஆனையே செய்வேன்!" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமிக்குச் சொன்ன சொல்லுங்க. உங்கள நம்பிக்கினு போறேன்."

இரண்டு இடது

உள்கூடாக உருவம் செய்ய, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மணல் மூட்டைமேல் வைத்து, உட்புறமிருந்து தட்டிப் புடைக்க வேண்டும். பிறகு சேர்த்து ஈயப் பற்று வைக்கலாம். இடது பக்கம் அருமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அதையே அளவு வைத்து இன்னொன்றும் தட்டினேன். சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் தலைக்கு நேரே மற்றதன் வால். இரண்டுமே இடது பக்கம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து சைக்கிள் கடை பாலு எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணே, இத்தப் பூட்டினா வண்டிய திருப்பவே வேணாம் போல கீது!"

காது

வலது பக்கத்தை மறுபடி தட்டி ஒட்டினேன். காதைக் கொம்புக்கு மேலே வைத்திருந்தேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி தூக்கை இறக்காமலே கேட்டாள்.

"தெனம் பால் குடிக்கிறீங்களே, ஒரு நாளாச்சும் மாட்டப் பாத்திருக்கீங்களா?"

வியாழக்கிழமை

சடையன் வந்துவிட்டார். மாட்டை நிறுத்தினால், பின்னங்கால் ஒன்று அரை விரல் குட்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மனிதர் குனிந்து அந்தக் காலையே பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. மற்ற மூன்று காலையும் வெட்டிச் சரிசெய்யலாமென்று கத்தரியை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அதத் தொடாதீங்க. வுழுந்து எழுந்ததுலருந்து எங்க மாடு இப்பிடித்தான் சாஞ்சிக்கினு நிக்கிது. நான் சொல்லவே இல்லியே, உங்களுக்கு எப்பிடிங்க தெரிஞ்சிது?"

அன்றிலிருந்து கோணலாக வந்த எதையும் வாடிக்கையாளர் பார்க்கும்வரை நான் திருத்துவதில்லை, ஆனால் கோணல் டிரங்குப் பெட்டியைப் பார்த்து மட்டும் இதுவரை ஒருவரும் கண் கலங்கவில்லை.