எட்டு மணிக் குப்பை

என் தம்பிக்குக் காது கேட்க ஆரம்பித்ததற்காக மொட்டை போட்ட அன்றுதான் அவனுடைய காது குப்பைக்குப் போனது.

திருத்தணியிலேயே குடியிருப்பவர்களுக்கு மலை என்பது தெருமுனைக் கடை மாதிரி. எதற்கெடுத்தாலும் ஒரு வேண்டுதல், உடனே ஒரு ஏற்றம். தம்பிக்கு நாலு வயது வரை காது கேட்கவில்லை. அப்பா ஆறு மாதம் சென்னைக்கு ரயிலில் அலைந்து அந்த மெஷினை வாங்கி வந்தார். காதுக்குப் பின்னால் மாட்டுவது, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. மாட்டிய மூன்றாவது மாதம் என்னைப் பார்த்து "க்கா" என்றான். அம்மா நின்ற இடத்திலேயே முருகனுக்கு அவன் முடியை நேர்ந்துகொண்டாள். அந்த "க்கா"வைக் கேட்பதற்காகவே நான் அவனைப் பின்னாலிருந்து நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மொட்டை அடிக்கும்போது தண்ணீர் படக்கூடாதென்று அம்மா மெஷினைக் கழற்றி, சந்தனம் மடித்து வந்த காகிதத்தில் சுற்றிப் பைமேல் வைத்தாள். எங்கள் அத்தைக்குச் சுத்தம் என்றால் உயிர். அங்கே கிடந்த காகிதம், பழத்தோல் எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டுவிட்டாள். தரிசனம் முடித்து வந்த பிறகுதான் அம்மா பையைத் துழாவினாள். அதற்குள் கூடைகளை மண்டபத்துக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள்.

கிருத்திகை நாள். ஆள் உயரத்துக்குக் குப்பை. வாடிய மாலை, தேங்காய் நார், தயிர்சாதம் ஒட்டிய தொன்னை. அம்மா பட்டுப்புடவையோடு அதில் இறங்கி முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள். அத்தை அழுதுகொண்டே இன்னொரு பக்கம் கிளறினாள். எங்களைப் பார்த்து, என்ன தொலைந்ததென்றே தெரியாமல் வேறு நான்கு பேரும் தேடத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு சாவியைக் கண்டெடுத்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் வீட்டுப் பூட்டு எதற்காவது சேர்ந்ததா, தெரியாது.

மேட்டின் ஓரத்தில் ஒரு பெண் கோணிப்பையோடு தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். அவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே எழுந்து வந்தார்.

"கலைக்காதீங்கமா. கலைச்சா கெடைக்காது. இன்னா தேடறீங்க?"

"கொயந்தையோட காது மிஷினு," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

"எத்தினி மணிக்கு மொட்ட அடிச்சீங்க?"

"எட்டு மணி இருக்கும்."

"எட்டு மணி குப்ப அந்தாண்ட கீது. இது இப்ப கொட்னது."

குப்பைக்கும் மணி உண்டென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் காட்டிய இடத்தில் மாலைகள் இன்னும் அதிகமாக வாடியிருந்தன. பீரோவில் மடித்த புடவைகளை எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். திடீரென்று நிறுத்தி, "அது எதுனா சத்தம் போடுமா?" என்று கேட்டார்.

"மூடினா கத்தும்," என்றேன். தம்பியின் காதைக் கையால் பொத்தி அதைக் கத்தவிட்டு அடி வாங்கியவள் நான்.

அவர் நிமிர்ந்தார். "அல்லாரும் கொஞ்சம் கம்முனு இருங்க!"

அந்தக் குரலுக்கு அந்தப் பக்கமே அடங்கிவிட்டது. பூக்காரர் வாயை மூடினார். பம்பைக்காரர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். அந்தப் பெண் மண்டியிட்டு, கண்ணை மூடி, குப்பையின் மேல் காதை வைத்தார். ஒரு சாண் நகர்ந்தார். மறுபடியும் வைத்தார். சன்னதியில்கூட அத்தனை பேர் அத்தனை அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

"தோ," என்றார். ஒரே ஒரு மாலையைத் தூக்கினார். அப்போது எனக்கும் கேட்டது, கொசு பாடுகிற அளவுக்கு ஒரு "கீ". அவ்வளவு பெரிய குப்பைமேட்டில் அவ்வளவு சின்னப் பொருள்!

காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். முழங்கை வரை குப்பை அப்பியிருந்த அம்மாவின் கைகள் வேகமாக எழுந்தன. பாதியில் நின்றன. அந்தப் பெண் அதைப் பார்த்தார். குனிந்து, மெஷினைக் காகிதத்தோடு படிக்கல்லில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். அதற்குப் பிறகுதான் அம்மா எடுத்தாள்.

மாட்டியதும் நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். தம்பி திரும்பி "க்கா" என்றான். அம்மாவும் அத்தையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தப் பெண் கோணிப்பையிடம் போய்விட்டிருந்தார்.

அவர் அதைக் கீழே வைத்த விதத்தில் நான் மயங்கிப்போயிருந்தேன். கிடைத்தற்கரிய பொருளை அப்படித்தான் தர வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அம்மா மெஷினை எடுத்துவரச் சொன்னபோது, ஒரு காகிதத்தில் வைத்துக் கொண்டுபோய், அவள் காலடியில் குனிந்து வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன்.

அம்மா அதை எடுக்கவில்லை. தரையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"கையில குடுடீ," என்றாள். குரல் உடைந்திருந்தது.

இவ்வளவு மரியாதையாகச் செய்தும் அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.